ஜெர்மனியில் ஒரு கிராமத்தில், குடும்பமே நடத்தும் சின்ன விருந்தினர் இல்லத்தில் தங்கினால் எப்படி இருக்கும்? வயதான பெற்றோரை அழைத்துப் போகலாமா?

தாராளமாக அழைத்துப் போகலாம். ஆனால் நீங்கள் தங்கப்போவது ஹோட்டல் இல்லை, இன்னொருவர் வீடு என்பதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். ராத்திரி பதினோரு மணிக்குப் போய் நின்றால் கதவைத் திறக்க ஆள் இருக்காது. அறைக்குச் சாப்பாடு கொண்டுவந்து தரவும் யாரும் இல்லை. கணவன், மனைவி, சில வீடுகளில் ஒரு மகளோ மருமகளோ, அவ்வளவுதான் அங்கே வேலை செய்பவர்கள். அவர்களே மாடு கறந்து, அவர்களே படுக்கை விரித்து, அவர்களே காலை உணவும் வைக்கிறார்கள். அதனால்தான் எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தோடு ஒத்துப்போகிறவர்களுக்கு இதைவிட நல்ல தங்குமிடம் ஜெர்மனியில் கிடையாது என்பேன்.

நான் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தபோது ஷ்வார்ட்ஸ்வால்ட் பகுதியில், குட்டாக் பள்ளத்தாக்கில் ஒரு பண்ணை வீட்டில் தங்கினோம். பிளாக் ஃபாரஸ்ட் கேக் என்று நம் பேக்கரிகளில் விற்கிறார்களே, அந்தக் காடுதான். அதற்கப்புறமும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இப்படிப்பட்ட வீடுகளைத்தான் தேடிப் பிடிக்கிறேன். பவேரியாவில், மோசல் ஆற்றங்கரையில் வழக்கங்கள் கொஞ்சம் மாறலாம், அடிப்படை ஒன்றுதான்.

போய்ச் சேருவது சுலபம். ஒஃபன்பர்க்கிலிருந்து கான்ஸ்டன்ஸ் பக்கம் போகும் ஷ்வார்ட்ஸ்வால்ட் ரயில் பாதையில் ஹவுசாக், ஹோர்ன்பெர்க், ட்ரிபெர்க் என்று எங்கே வேண்டுமோ அங்கே இறங்கிக்கொள்ளலாம். ராபர்ட் கெர்விக் என்ற பொறியாளர் வடிவமைத்த பாதை இது. 1873இல் முழுதாகத் திறந்தார்கள். பல்சக்கரம் வைக்காமல் சாதாரண ரயிலே மலையேற வேண்டும் என்பதற்காகப் பாதையை வளைத்து வளைத்துக் கொண்டுபோயிருக்கிறார். அதற்காகக் குடைந்த சுரங்கங்கள் 39. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா ஜன்னலை விட்டு நகரவே இல்லை. நிலையத்திலிருந்து வீடு வரைக்கும் போவதுதான் சிக்கல். கிராமத்துப் பேருந்து சனி ஞாயிறுகளில் அபூர்வமாகவே வரும். எந்த ரயிலில் வருகிறீர்கள் என்று முதல் நாளே போனில் சொல்லிவிட்டால், பல வீட்டுக்காரர்கள் காரோடு வந்து நிற்பார்கள். எங்களுக்கும் வந்தார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு படிவம் தருவார்கள். 2025 ஜனவரியிலிருந்து ஜெர்மன் குடிமக்கள் இதை நிரப்ப வேண்டியதில்லை. வெளிநாட்டவர்களுக்கு இன்னும் உண்டு. பாஸ்போர்ட் கேட்பது அதற்காகத்தான், நம்மைச் சந்தேகப்பட்டு அல்ல. அதோடு ஆளுக்கு, ஒரு இரவுக்கு இரண்டு மூன்று யூரோ என்று ஊர் வரி ஒன்று வாங்குவார்கள். இதைக் கட்டத் தயங்காதீர்கள். ஷ்வார்ட்ஸ்வால்டில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் இந்த வரியைக் கட்டும் விருந்தாளிக்கு 'கோனுஸ்' என்ற அட்டை கொடுக்கிறார்கள். தங்கியிருக்கும் நாள் முழுவதும் அந்தப் பகுதியின் பேருந்துகளிலும் உள்ளூர் ரயில்களிலும் அதைக் காட்டி இலவசமாகப் போகலாம். விரைவு ரயில்களில் மட்டும் செல்லாது. ட்ரிபெர்க் அருவி, டிட்டிசே ஏரி என்று கிளம்புகிற குடும்பத்துக்கு இதிலேயே கட்டிய வரி திரும்ப வந்துவிடும்.

வீட்டைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கின் பழைய பண்ணை வீடுகளில் கூரை ஏறக்குறைய தரையைத் தொடுகிற அளவுக்கு இறங்கியிருக்கும். ஒரே கூரைக்குக் கீழே மனிதர்கள், மாடுகள், மேலே மாட்டுக்கான காய்ந்த புல். பின்பக்கம் மலைச்சரிவிலிருந்து நேராக மேல்தளத்துக்கே வண்டி ஓட்டிப் போய்ப் புல்லை இறக்குவார்கள். பனிக்காலத்தில் கீழே மாடுகளின் உடற்சூடு, மேலே காய்ந்த புல் அடுக்கு, இரண்டுக்கும் நடுவில் மனிதர்கள் குளிர் தெரியாமல் இருந்திருக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்க்க ஆசை இருந்தால் குட்டாக்கிலேயே ஃபோக்ட்ஸ்பவுர்ன்ஹோஃப் என்ற திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. 1612இல் கட்டிய பண்ணை வீடு, கட்டிய இடத்திலேயே நிற்கிறது. சமையலறையின் புகைபடிந்த உத்திரங்கள் கரிக்கட்டையாகக் கறுத்திருக்கும்.

நாங்கள் தங்கியது பெரிய வீட்டில் இல்லை. முற்றத்தின் ஓரத்தில் இருந்த சின்ன வீட்டில். அதன் கதையை வீட்டுக்காரர் சொன்னார். அந்தப் பக்கத்தில் பண்ணையைப் பிள்ளைகளுக்குப் பங்கு போடுவதில்லை. துண்டு துண்டானால் யாருக்கும் சோறு போடாது என்பதால் நிலம் முழுதும் ஒருவருக்கே போகும். பல பள்ளத்தாக்குகளில் அது கடைசி மகனுக்கு. கைமாற்றும் நாளில் அப்பா அம்மா இந்தச் சின்ன வீட்டுக்குக் குடிவந்துவிடுவார்கள். இதற்கு 'லைப்கெடிங்' என்று பெயர். அதோடு ஒரு ஒப்பந்தமும் எழுதுவார்கள்: குடியிருக்கும் உரிமை, இவ்வளவு பால், இவ்வளவு உருளைக்கிழங்கு, குளிர்காலத்துக்கு இவ்வளவு விறகு என்று மகன் தர வேண்டியதெல்லாம் அதில் இருக்கும். நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழுதியே வாங்கிக்கிட்டாங்களா? நல்ல காரியம். அப்புறம் யாரும் யாரையும் கேட்டுக்கிட்டு நிக்க வேண்டாம் பாரு" என்றார். இப்போது அப்படிப்பட்ட பல வீடுகள் விருந்தாளிகளுக்கு வாடகைக்குப் போகின்றன. இருபது முப்பது மாடுகளை வைத்து அந்தச் செங்குத்துச் சரிவில் பிழைப்பது கஷ்டம். அறை வாடகை வந்தால்தான் பண்ணை நிற்கும். பண்ணை நின்றால்தான் புல்வெளியும் நிற்கும். மேய்க்கவும் அறுக்கவும் ஆளில்லாமல் போனால் சில வருடங்களில் காடு இறங்கி வந்து பள்ளத்தாக்கை மூடிவிடும். நாம் போய்ப் படம் எடுக்கிற அந்தப் பச்சைச் சரிவுகள் எல்லாம் யாரோ வருடாவருடம் அறுத்து வைத்திருப்பவை.

அறைகள் சுத்தமாக, எளிமையாக இருக்கும். ஏசி இருக்காது, மின்விசிறியும் இருக்காது. ஜன்னலின் கைப்பிடியை மேல்நோக்கித் திருப்பினால் அதன் மேல்பக்கம் மட்டும் உள்நோக்கிச் சாயும். இரவு அப்படி வைத்துத் தூங்குவதுதான் வழக்கம். சாண வாசனையும் சேர்ந்துதான் வரும். இருவர் படுக்கும் கட்டிலிலும் போர்வை ஆளுக்கொன்று தனித்தனியாக இருக்கும். வயதானவர்களோடு போகிறவர்கள் இரண்டு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, படிக்கட்டு. பழைய மர வீடுகளில் அது செங்குத்தாக இருக்கும், லிஃப்ட் கிடையாது. தரைத்தள அறை வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். இரண்டாவது, குளியலறை. பெரும்பாலும் ஷவர் தடுப்புக்குள் மட்டும்தான் தண்ணீர் போகும் வழி இருக்கும், வெளியே தரை உலர்ந்தே இருக்க வேண்டும். வாளி, மக் எதுவும் இருக்காது. நம் பெற்றோர்களுக்காக ஒரு பிளாஸ்டிக் மக் கொண்டுபோவது நல்லது.

காலை உணவுதான் இந்த வீடுகளின் பெருமை. எட்டிலிருந்து பத்து மணி வரை. முதல் நாள் உங்களுக்கு ஒரு மேஜை காட்டுவார்கள். போகும் வரைக்கும் அதுதான் உங்கள் மேஜை. அறைக்குள் நுழையும்போது உள்ளே இருக்கும் எல்லாருக்கும் பொதுவாக ஒரு காலை வணக்கம் சொல்ல வேண்டும், சொல்லாமல் போனால் அது மரியாதை இல்லை. கூடையில் சூடாக உருண்டை ரொட்டிகள், வெண்ணெய், வீட்டில் செய்த இரண்டு மூன்று ஜாம், பக்கத்துத் தேன்கூட்டின் தேன், பாலாடைக்கட்டி, மூலிகை தூவிய க்வார்க் (கெட்டித் தயிர் மாதிரி இருக்கும்). முட்டை ஒரு குட்டிக் கிண்ணத்தில் நின்றபடி வரும், சூடு ஆறாமல் இருக்க அதன் தலையில் கம்பளியில் பின்னிய ஒரு சின்னத் தொப்பி. எங்கள் வீட்டுக்காரம்மா பின்னிய தொப்பிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். மேஜை நடுவில் கையளவு குப்பைத் தொட்டி ஒன்றும் இருக்கும், முட்டை ஓடும் ஜாம் மூடியும் போட. இறைச்சித் தட்டு தனியாக வரும். சைவம் என்று முதல் நாள் சொன்னதும் எங்கள் மேஜையிலிருந்து அது போய், அந்த இடத்தில் தக்காளியும் வெள்ளரியும் வந்துவிட்டன.

அம்மா எப்போதும் ஐந்து மணிக்கே எழுந்துவிடுவார், எழுந்ததும் காபி வேண்டும். அறையில் கெட்டில் இல்லை. எட்டு மணி என்றால் எட்டு மணிதான் என்று நான் அம்மாவைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். மாடு கறக்கப் போகும்போது எங்கள் ஜன்னலில் விளக்கு எரிவதை வீட்டுக்காரம்மா பார்த்திருக்கிறார். மறுநாள் விடியற்காலையில் கதவைத் திறந்தால் வாசல் பெஞ்சில் ஒரு பிளாஸ்க் நிறைய வெந்நீர், பக்கத்தில் ஒரு சின்ன ஜாடியில் அப்போது கறந்து காய்ச்சிய பால், மேலே ஒரு தட்டு மூடியிருந்தது. யாரும் கேட்கவில்லை. நாங்கள் கிளம்பும் வரைக்கும் அது தினமும் வந்தது. காலை உணவு நேரம் மட்டும் எட்டு மணியிலிருந்து ஒரு நிமிடம் கூட முன்னால் வரவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த வீடுகள் புரியும்.

நடைவழியில் ஒரு குளிர்பதனப் பெட்டி இருக்கும். தண்ணீர், ஆப்பிள் சாறு, பீர் எல்லாம் இருக்கும். அதன் மேல் நூலில் கட்டிய பென்சிலும் ஒரு தாளும். தாளில் அறை எண்கள். எடுக்கும்போது உங்கள் அறைக்கு நேரே ஒரு கோடு போட வேண்டும். கடைசி நாளில் கோடுகளை எண்ணிக் காசு வாங்குவார்கள், பெட்டியை எண்ணிப் பார்ப்பதில்லை. சாலை ஓரத்தில் முட்டை, ஜாம், சில இடங்களில் பழச்சாராயம் கூட இப்படித்தான் விற்கிறார்கள். விலை எழுதிய பலகை, காசு போட ஒரு டப்பா, அவ்வளவுதான்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் திட்டம் வேண்டும். கிராமத்தில் ஒரு உணவகம்தான் இருக்கும், வாரத்தில் ஒன்றிரண்டு நாள், பெரும்பாலும் திங்கள் செவ்வாயில், அதுவும் விடுமுறை. சமையலறையையும் எட்டு எட்டரைக்கு மூடிவிடுவார்கள். சைவக்காரர்களுக்கு முட்டை சரி என்றால் சீஸ் போட்ட ஷ்பெட்ஸ்லே, அதாவது முட்டை சேர்த்த மாவில் செய்யும் ஒரு வகை நூடுல்ஸ், கிடைக்கும். முட்டையும் வேண்டாம் என்றால் வறுத்த உருளைக்கிழங்கோடு க்வார்க் கேளுங்கள். உருளைக்கிழங்கில் பன்றிக்கொழுப்பு போடாமல் வேண்டும் என்று சொல்ல மறக்கக்கூடாது. ஃப்ளேட்லே சூப் பார்க்கத் தோசை நறுக்கிப்போட்ட சாறு மாதிரி இருக்கும், ஆனால் அது மாட்டிறைச்சிச் சாறு. ஞாயிற்றுக்கிழமை கடைகள் எல்லாம் பூட்டியிருக்கும், பேக்கரி மட்டும் காலையில் சில மணி நேரம் திறப்பார்கள். சனிக்கிழமை மாலைக்குள் பழம், ரொட்டி, தயிர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. காலை ஆறு மணிக்குத் தேவாலய மணி அடிக்கும்.

ஜூனில் போனதால் புல் அறுத்துக் காயவைக்கும் வேலையையும் பார்த்தோம். மழை வரப்போகிறது என்று தெரிந்த அன்று வீட்டில் ஒருவரும் இல்லை, எல்லாரும் சரிவில் இருந்தார்கள். டிராக்டர் ஏறாத இடம். இரண்டு சக்கர அறுப்பு இயந்திரத்தை வீட்டுக்காரர் கையால் பிடித்துக் குறுக்காக நடத்திக்கொண்டு போனார், ஏற்கெனவே அறுத்துக் காய்ந்திருந்ததைப் பிள்ளைகள் வாரியால் இழுத்துக் கீழே தள்ளினார்கள். அப்பா ஒரு வாரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு அவர்களோடு இறங்கிவிட்டார். அறுபத்தெட்டு வயதில் இது வேண்டுமா என்று அம்மா திட்டியது எனக்கு மட்டும்தான் புரிந்தது. சாயங்காலம் அவர்களின் சமையலறை மேஜையிலேயே எங்களுக்கும் தட்டு வைத்தார்கள்.

பதிவு செய்வதற்கு அந்த ஊரின் சுற்றுலா அலுவலக இணையதளத்தைப் பாருங்கள். பெரிய பதிவுத் தளங்களில் இல்லாத வீடுகள் அங்கே இருக்கும். போனில் பேசுவது இன்னும் நல்லது. விலை பல இடங்களில் அறைக்கு இல்லாமல் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டிருப்பார்கள், கவனியுங்கள். நான் தங்கியவை காலை உணவோடு இருவருக்கு 80இலிருந்து 110 யூரோவுக்குள் இருந்தன. ஒரே ஒரு இரவு என்றால் கொஞ்சம் கூடக் கேட்பார்கள், படுக்கை மாற்றும் வேலை அதே அளவுதானே. கார்டு வாங்காத வீடுகள் நிறைய உண்டு, ஊரில் ஏடிஎம் இருக்காது. ரொக்கத்தை நகரத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள். வரும் நேரத்தை எழுதிக் கேட்பார்கள், தாமதமானால் கட்டாயம் போன் செய்யுங்கள். மே கடைசியிலிருந்து அக்டோபர் பாதி வரை நல்ல காலம், பள்ளி விடுமுறை மாதங்களுக்கு மட்டும் வெகு முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும். நவம்பரில் பல வீடுகளைப் பூட்டிவிட்டு அவர்களும் ஓய்வெடுக்கப் போய்விடுகிறார்கள், அந்த மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள்.