சுந்தர்ஜிக்கு முன்பே ஒரு தமிழ்த் தளபதி

கேள்வி: ஜெனரல் சுந்தர்ஜிக்கு முன்பு தமிழ்நாட்டுக்காரர் யாராவது ராணுவத் தலைமைத் தளபதி ஆகியிருக்கிறார்களா?

பதில்: பி.பி. குமாரமங்கலம். 1966 ஜூன் 8 முதல் 1969 ஜூன் 7 வரை அந்தப் பதவியில் இருந்தார். அவரிடமிருந்து பொறுப்பேற்றவர்தான் மானெக்‌ஷா. திருச்செங்கோடு பக்கம் குமாரமங்கலம் ஜமீன் குடும்பம். அப்பா டாக்டர் ப. சுப்பராயன், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி. தம்பி மோகனும் தங்கை பார்வதி கிருஷ்ணனும் கம்யூனிஸ்ட் இயக்கத்துக்குப் போனார்கள். அண்ணன் இங்கிலாந்தின் உல்விச் ராணுவ அகாடமிக்குப் போனார். காலாட்படைக்கும் குதிரைப்படைக்கும் சாண்ட்ஹர்ஸ்ட், பீரங்கிக்கும் பொறியியலுக்கும் உல்விச் என்பது அன்றைய ஏற்பாடு. 1933இல் பீரங்கிப் படை அதிகாரி ஆனார். இப்படிப்பட்டவரை நம் ஊரே மறந்துவிட்டது பெரிய குறைதான்.

கேள்வி: அவர் போர்க்கைதியாக இருந்தாராமே?

பதில்: ஆமாம். இரண்டாம் உலகப் போரில், 1942 மே 27 காலை, லிபியாவில் பிர் ஹக்கீம் அருகே பிரிட்டிஷ் தரப்பில் போரிட்ட மூன்றாவது இந்திய மோட்டார் பிரிகேட் படைப்பிரிவு மீது இத்தாலிய டாங்கிகள் பாய்ந்தன. டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் போதவில்லை. கையில் இருந்தது 25 பவுண்டர். பின்னால் மறைவில் நிறுத்தி, முன்னால் இருக்கும் கண்காணிப்பு அதிகாரி சொல்லும் தூரத்துக்குக் குண்டு போடுவதற்கான பீரங்கி அது. டாங்கி கண்ணெதிரே வந்துவிட்டால் அந்த முறைக்கு நேரம் கிடையாது. நேராகக் குறிபார்த்து, டாங்கி நெருங்கும்வரை பொறுத்துச் சுட வேண்டும். பீரங்கியைச் சட்டென்று எந்தப் பக்கமும் திருப்ப, சக்கரத்தடியில் இருக்கும் வட்டத் தட்டு உதவும். ஆனால் மறைவில்லாத பாலைவனத்தில் பீரங்கிக்காரர்களே முதல் இலக்கு. அன்றைய சண்டைக்காக குமாரமங்கலத்துக்கு டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் ராணுவ விருது கிடைத்தது. பிடிபட்டு இத்தாலிக்குக் கொண்டுபோகப்பட்டவர், அங்கிருந்து தப்பி, மறுபடி சிக்கி, ஜெர்மனி முகாமில் அடைபட்டார்.

கேள்வி: அவர் காலத்தில் போர் எதுவும் இல்லையே?

பதில்: முழுப் போர் இல்லை. ஆனால் நாதுலா கணவாய் மோதல் இருக்கிறதே! 1967 செப்டம்பர் 11 அன்று சிக்கிம் எல்லையில் நம் பொறியியல் பிரிவினர் முள்கம்பி வேலி போட்டுக்கொண்டிருந்தபோது சீனர்கள் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். ஒதுங்க இடமில்லாத வெட்டவெளி. தொடக்கத்திலேயே இழப்பு அதிகம். நிலைமையை மாற்றியது பீரங்கி. சேபு லா, கேமல்ஸ் பேக் என்ற உயரமான இடங்கள் நம் கையில் இருந்ததால், குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்துத் திருத்திச் சொல்ல முடிந்தது. மலைச் சண்டையில் அந்தக் கண்காணிப்பு இல்லையென்றால் எத்தனை பீரங்கி இருந்தும் பயனில்லை. அக்டோபர் 1இல் பக்கத்திலிருக்கும் சோ லா கணவாயிலும் மோதல் நடந்தது. அங்கும் சீனர்கள் பின்வாங்கினார்கள்.