மெக்சிகோவுக்கு ஒரு பட்டியல், அர்ஜென்டினாவுக்கு ஒரு பட்டியல்

கேள்வி: பினாங்கு லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கிறேன். மெக்சிகோவில் ஒரு கடைக்காரரும் அர்ஜென்டினாவில் ஒருவரும் ஸ்பானிய மொழியில் பட்டியல் கேட்டார்கள். ஆங்கிலப் பட்டியலைக் கைபேசிச் செயலியில் மாற்றி இருவருக்கும் அனுப்பினேன். ஜாக்கெட் (ரவிக்கை அல்ல, சட்டைக்கு மேலே போடுவது) என்ற வரியைப் பார்த்து மெக்சிகோக்காரர் சிரித்துவிட்டார். மற்றவருக்குப் பாதி புரியவில்லை. என்ன செய்வது?
— வாசகி, ஜார்ஜ் டவுன்

பதில்: தங்கையே, இரண்டு நாட்டுக்கும் ஒரே பட்டியல் போனதில்தான் சிக்கல். ஸ்பானிய மொழியில் உடைப் பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறும். டி-சர்ட்டையே பாருங்கள். ஸ்பெயினில் கமிசேத்தா, மெக்சிகோவில் ப்ளாயேரா, அர்ஜென்டினாவில் ரெமேரா, சிலியில் போலேரா. அதே போலேராவை அர்ஜென்டினாவில் சொன்னால் கழுத்தை மூடும் ஸ்வெட்டர் வந்து நிற்கும்!

ஜாக்கெட்டுக்குச் செயலி 'சாக்கேத்தா' என்று போட்டிருக்கும். ஸ்பெயினில் அது சாதாரணச் சொல். மெக்சிகோ பேச்சு வழக்கில் அதற்கு ஆபாசப் பொருளும் உண்டு, அதனால்தான் அந்தச் சிரிப்பு. அங்கே 'சமாரா' என்று எழுதுங்கள், அர்ஜென்டினாவுக்கு 'கம்பேரா'. பாவாடைக்கு மெக்சிகோவில் ஃபால்தா, அர்ஜென்டினாவில் பொதுவாகப் போயேரா.

உங்கள் பாத்தேக் சட்டைக்குக் கவலை வேண்டாம். காலர் வைத்த சட்டை எங்கு போனாலும் கமிசாதான். நாம் தினமும் சொல்லும் மலாய் 'கெமேஜா' போர்த்துகீசிய கமிசாவிலிருந்து வந்தது, ஸ்பானியச் சொல்லுக்கு நெருங்கிய உறவு. பாத்தேக், கெபாயா (மலாய்ப் பெண்கள் அணியும் மேலாடை) ஆகியவற்றை மொழிபெயர்க்கவே கூடாது என்பது என் கருத்து. பெயரை அப்படியே வைத்து, எப்படிப்பட்ட உடை என்று பக்கத்தில் ஒரு வரி எழுதினால் போதும்.

இன்னொன்று, உங்கள் ஆங்கிலப் பட்டியலையும் பாருங்கள். 'வெஸ்ட்' என்றால் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் உள்ளே போடும் பனியன், அமெரிக்க ஆங்கிலத்தில் கோட்டுக்குள் அணியும் கையில்லாத மேலாடை. நாம் சிங்லெட் என்பதை வெஸ்ட் என்று எழுதிவிட்டால், செயலி 'சலேக்கோ' என்று அந்த மேலாடையின் பெயரைத் தந்துவிடலாம். ஆங்கிலச் சொல் சரியில்லாமல் ஸ்பானியச் சொல் எப்படிச் சரியாக வரும்? அதனால் ஒவ்வொரு உடைக்கும் படம் சேருங்கள், கையின் நீளம், கழுத்தின் வடிவம், துணி மூன்றையும் குறியுங்கள். அப்புறம் அந்தந்தக் கடைக்காரரிடமே, "உங்கள் ஊரில் இதை என்ன பெயரில் விற்பீர்கள்?" என்று கேளுங்கள். வாங்குபவர் தேடப்போவது அந்தப் பெயரைத்தான்.

அளவையும் விட்டுவிடாதீர்கள். மெக்சிகோவில் சின்ன அளவுக்கு 'எஸ்' போடாமல் 'சி, எச்' என்ற இரண்டெழுத்தும், பெரியதற்கு 'ஜி'யும் போடும் வழக்கம் உண்டு. அங்கே விற்கும் துணியின் லேபிளில் நூல் வகை சதவீதத்தோடும், துவைக்கும் முறை, தயாரித்த நாடு ஆகியவையும் ஸ்பானிய மொழியில் இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சரக்கு அனுப்பும் முன் லேபிள் வாசகத்தை மெக்சிகோக்காரரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.