பன்றி முடியா, பேட்ஜர் முடியா? ஷேவிங் பிரஷ் கேள்வி பதில்

கேள்வி: முதல் பிரஷ் வாங்கப் போகிறேன். எது நல்லது?

பன்றி முடி. விலை குறைவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அது விறைப்பாக இருப்பதால் கட்டி சோப்பை நன்றாக வாரி எடுக்கும். பேட்ஜர், அதாவது வளைக்கரடி முடி, தண்ணீரை அதிகம் பிடித்து வைத்துக்கொள்ளும்; க்ரீம் போடுகிறவர்களுக்கு அது சுகம். எதை வாங்கினாலும் கொதிக்கிற தண்ணீரில் மட்டும் முக்காதீர்கள், முடி பாழாகிவிடும், அடியில் இருக்கும் பசையும் விட்டுவிடும்.

கேள்வி: ஒமேகா கம்பெனியின் பன்றி முடி பிரஷ் வாங்கி மூன்று நாள்தான் ஆகிறது. குத்துகிறது, நாற்றம் வேறு. திருப்பி அனுப்பிவிடவா?

அனுப்பாதீர்கள். முடியின் நுனி இன்னும் பிளக்கவில்லை, அவ்வளவுதான். நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, ஒவ்வொரு நுனியும் இரண்டு மூன்றாகப் பிரியும், ஆனால் அடிப்பகுதி விறைப்பு குறையாமல் அப்படியே நிற்கும். என் பிரஷ்ஷை ஒரு மாதம் கழித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், மேலே இலவம் பஞ்சு போலப் பூத்திருந்தது. அதுவரை முகம் மழிக்காத நாளிலும் உள்ளங்கையில் சோப்பு நுரைத்துக் கழுவி, உதறி, காற்றாட வையுங்கள். நாற்றம் சில நாளில் போய்விடும். இருபது ஷேவ் ஆகும் முன் பன்றி முடியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

கேள்வி: பேட்ஜரில் பியூர், பெஸ்ட், சில்வர்டிப் என்கிறார்களே?

எல்லோருக்கும் பொதுவான தரநிலை கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் தானே வைத்துக்கொள்கிற பெயர். மலிவான பியூர், பழகிய பன்றி முடியைவிட அதிகமாகக் குத்தும்.

கேள்வி: நுரைக்கும் முன் பிரஷ்ஷைத் தண்ணீரில் ஊற வைப்பதெல்லாம் வீண் வேலை. நான் பத்து வருடமாகக் குழாயில் காட்டிவிட்டு நுரைக்கிறேன்.

உங்களுடையது பேட்ஜராக இருந்தால் சரி, அதற்கு அது போதும். பன்றி முடி தண்ணீரை உள்ளே உறிஞ்சித்தான் இளகும்.

கேள்வி: பன்றி முடிதான் வைத்திருக்கிறேன். நன்றாகத்தான் நுரைக்கிறது.

நுரைக்கும், ஆனால் பாதி முகத்திலேயே வறண்டுவிடும், ஏனென்றால் காய்ந்த முடி நுரையில் இருக்கும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்கும். நாளைக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊற வைத்து, அதே சோப்பை அதே அளவு எடுத்துச் செய்து பாருங்கள், பிறகு வாதாடலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீங்கள் எதையும் இழக்கப் போவதில்லை.

கேள்வி: பன்றியா பேட்ஜரா, ஒரே வார்த்தையில்?

பன்றி. காரணம் முதல் பதிலில்.

கேள்வி: தாத்தா காலத்துக் குதிரை முடி பிரஷ் ஒன்று இருக்கிறது, பயன்படுத்தலாமா?

அலமாரியில் நினைவாக வையுங்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் சரியாகக் கிருமி நீக்காத குதிரை முடியில், பேட்ஜர் மாதிரியே பிரஷ் செய்து விற்றார்கள். அதனால் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 200 பேருக்கு மேல் ஆந்த்ராக்ஸ் என்ற கிருமி நோய் வந்தது. அந்தக் கிருமியின் வித்து பல காலம் சாகாமல் கிடக்கும். இன்று முறையாகத் தயாரித்து விற்கும் பிரஷ்ஷுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

கேள்வி: விலங்கு முடியே வேண்டாம் என்றால்?

செயற்கை இழை. ஊற வைக்கவும் வேண்டாம், சீக்கிரம் காயும்.

கேள்வி: பேட்ஜர் வாங்கலாமா, பன்றி முடி வாங்கலாமா?

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன், தயவுசெய்து படியுங்கள்.

கேள்வி: புது பிரஷ்ஷை வெந்நீரில் போட்டால் சீக்கிரம் பழகுமா?

பழகாது, கெடும். கை பொறுக்கிற சூடு போதும்.