ஒரே சாமி, எதற்கு ரெண்டு பந்தி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் மூன்று தலைமுறையாக மெத்தடிஸ்ட் (புராட்டஸ்டன்ட் சபை). மகன் கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டப்போகிறான். பெண் வீட்டார் கோயிலில் கல்யாணம். பூசையில் நாங்கள் யாரும் நற்கருணை (பூசையில் தரும் அப்பம்) வாங்க வரக்கூடாதாம். எங்கள் திருவிருந்துக்கு அவர்கள் வந்தால் நாங்கள் தடுக்கவா போகிறோம்? ஒரே இயேசுதானே?
– ஒரு வாசகி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: ஒரே இயேசுதான் அம்மா, பந்திதான் வேறு. அவமானம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கத்தோலிக்கருக்கு நற்கருணை வாங்குவது என்பது "நான் இந்த ஆயரோடும் (பிஷப்) போப்போடும் ஒரே சபையில் இருக்கிறேன்" என்று நாலு பேர் முன்னால் சொல்வது. நீங்கள் அப்படி இல்லையே. மெத்தடிஸ்ட் கணக்கு வேறு: பந்தி ஆண்டவருடையது, அழைப்பும் அவருடையது, நேசிக்கிறவர்கள் மனந்திரும்பி வரட்டும்.

உண்மையில் சண்டை அப்பத்தில் இல்லை, தலையில் வைக்கிற கையில் இருக்கிறது. அப்போஸ்தலர் காலம் தொட்டு ஆயருக்கு ஆயர் கைவைத்து வந்த தொடர்ச்சியில் குருப்பட்டம் பெற்றவர்தான் பூசை வைக்கலாம் என்பது கத்தோலிக்க நிலை. ஆர்த்தடாக்ஸ்காரர்களும் அதையே சொல்வார்கள், போப்பை மட்டும் விட்டுவிட்டு. மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1784-இல் என்ன செய்தார்? அமெரிக்காவில் திருவிருந்து கொடுக்க ஆள் இல்லை, லண்டன் பிஷப்போ குருப்பட்டம் கொடுக்க மறுத்துவிட்டார், வெஸ்லியோ வெறும் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) குருவானவர், பிஷப் இல்லை, ஆனாலும் தானே கைவைத்து ஆளை அனுப்பிவிட்டார். அங்கே அறுந்தது இன்னும் ஒட்டவில்லை. ஆங்கிலிக்கன்காரர்கள் "எங்களிடம் அந்தத் தொடர்ச்சி இருக்கிறதே" என்பார்கள். 1896-இல் போப் பதின்மூன்றாம் லியோ அதுவும் செல்லாது என்று எழுதிவிட்டார். ஆக, வெளியே நிற்கும் வரிசையில் உங்களுக்குத் துணை நிறைய உண்டு.

1947-இல் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன் எல்லாம் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபோதும் இதே முடிச்சுதான். ஏற்கெனவே இருக்கிற போதகர்களுக்கு மறுபடி கைவைக்க வேண்டாம், இனிமேல் வருகிறவர்களுக்கு பிஷப் கைவைக்கட்டும் என்று முடித்தார்கள். நம் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி இருக்கிறது இல்லையா? எனக்குப் பிடித்த தீர்ப்பு.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். பூசை இல்லாமல் திருமணச் சடங்கை மட்டும் நடத்தக் கத்தோலிக்க முறையிலேயே இடம் உண்டு. அப்படி வைத்தால் சிலர் எழுந்து போக, சிலர் உட்கார்ந்திருக்க என்ற சங்கடமே வராது. மகனை ஃபாதரிடம் இப்போதே கேட்கச் சொல்லுங்கள், மண்டபம் புக் பண்ணிக் கார்டு அடித்த பிறகு அல்ல. இன்னொன்று: பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வதாகப் பெண் வாக்குக் கொடுக்க வேண்டியிருக்கும், அது உங்கள் மகனுக்கும் தெரிவிக்கப்படும். அப்பத்தை விட அதைத்தான் நீங்கள் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும்.

கேள்வி: பரமண்டல ஜெபத்தைக் கத்தோலிக்கர் ஏன் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்?
– வாசகர், தோ பாயோ

பதில்: என் மாமனார் தவறியபோது புளோக் கீழே வாய்ட் டெக்கில் ஜெபம். அவர்கள் கத்தோலிக்கர், நாங்கள் இந்தப் பக்கம். தொடக்கமே "விண்ணுலகில்" ஒரு வரிசை, "பரமண்டலங்களில்" ஒரு வரிசை. நடுவில் எப்படியோ ஒட்டிக்கொண்டு வந்து, தீமை என்ற இடத்தில் அவர்கள் ஆமென் சொல்லி நிறுத்த, எங்கள் ஆட்கள் "ராஜ்யமும் வல்லமையும்" என்று கணீரென்று எடுத்து, தனியாகப் பாடுகிறோம் என்று தெரிந்ததும் குரல் இறங்கி, "உம்முடையவைகளே" முனகலாக முடிந்தது. அப்புறம் மின்விசிறிச் சத்தம்தான்.

காரணம் எளிது. மத்தேயு 6:13-இல் அந்த "ராஜ்யமும் வல்லமையும்" வரி மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் இல்லை, லூக்காவில் இல்லவே இல்லை. பின்னால் வந்த கிரேக்கப் படிகளில் இருக்கிறது, பழைய தமிழ் வேதாகமம் அவற்றின் வழியில் வந்தது. கத்தோலிக்கரும் அதைத் தூக்கி எறியவில்லை. இப்போதைய பூசையில் ஃபாதர் நடுவே ஒரு சின்ன ஜெபம் சொன்ன பிறகு சபையார் அதைச் சொல்கிறார்கள். கொஞ்சம் பொறுத்திருந்தால் போதும்!

கேள்வி: குழந்தையிலேயே எனக்கு ஞானஸ்நானம் ஆகிவிட்டது. இப்போது போகிற பெந்தெகொஸ்தே சபையில் அது செல்லாது, முழுகி எடுக்க வேண்டும், நகையையும் கழற்ற வேண்டும் என்கிறார்கள்.
– வாசகி, செங்காங்

பதில்: கத்தோலிக்கர், ஆங்கிலிக்கன், லூத்தரன், மெத்தடிஸ்ட் எல்லாரும் உங்கள் ஞானஸ்நானத்தை ஏற்பார்கள், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் பெயரில் தண்ணீர் விட்டிருந்தால் மறுபடி கொடுக்க மாட்டார்கள். பெந்தெகொஸ்தேக்கு விசுவாசம் முதலில், தண்ணீர் பிறகு, ஆகவே அவர்கள் கணக்கில் இது உங்களுக்கு முதல் தடவைதான். குழந்தை ஞானஸ்நானம் செல்லுமா என்று 1525-இல் சூரிக்கில் தொடங்கிய வழக்கு, செங்காங்கில் தீராது. உங்களுக்கே அப்படித் தோன்றினால் முழுகுங்கள், உறுப்பினர் பட்டியலுக்காக வேண்டாம். நகைக்கு 1 பேதுரு 3:3 காட்டுவார்கள். அதே வசனத்தில் தலைமயிர் பின்னுவதும் இருக்கிறது. ஜடையை அவிழ்க்கச் சொன்ன சபையை நான் இன்னும் பார்க்கவில்லை.

கேள்வி: போப் ஒருவர் இருப்பதால்தானே கத்தோலிக்கருக்குள் அதிகாரச் சண்டை இல்லை?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: யார் சொன்னது? சிங்கப்பூர் விக்டோரியா ஸ்திரீட் செயின்ட் ஜோசப் கோயிலும் குவீன் ஸ்திரீட் நல்லாயன் பேராலயமும் சில நிமிட நடைதான். ஆனால் முன்னது போர்த்துகீசிய மிஷன், 1981 வரை (போர்த்துகல் வசம் இருந்த) மக்காவ் ஆயருக்குக் கீழ். பின்னது பிரெஞ்சுக் குருக்கள் வளர்த்தது. ரெண்டு பேருக்கும் ஒரே போப். கிழக்கு நாட்டுக் கோயில்களை நடத்தப் பழைய போப்புகள் போர்த்துகல் அரசருக்குக் கொடுத்த உரிமையா, ரோம் நேரடியாக அனுப்பிய ஆட்களா என்பதுதான் தகராறு. தமிழ்நாட்டில் மயிலாப்பூர் மறைமாவட்டமும் இந்தப் பஞ்சாயத்தில் அகப்பட்டு 1952-இல்தான் சென்னையோடு சேர்ந்தது.

கேள்வி: மெத்தடிஸ்ட் போதகரை "ஃபாதர்" என்று கூப்பிட்டேன், எல்லாரும் சிரித்தார்கள்.
– வாசகர், ஈசூன்

பதில்: அவர் சிரித்தாரா? இல்லையென்றால் விடுங்கள். "பாஸ்டர்" என்றால் போதும். என் பாட்டி திருநெல்வேலிப் பழக்கத்தில் ஃபாதர், பாஸ்டர் எல்லாரையும் "ஐயரே" என்றுதான் கூப்பிட்டார், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.