ராஜினாமா கடிதம் கொடுக்கலாமா?

கேள்வி: சென்னையில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தேன். தகுதிகாண் பருவம் முடிய நான்கு மாதம்தான் பாக்கி. நானும் என் இணையரும் (இருவரும் ஆண்கள்) வீட்டில் இருந்தபோது யாரோ திருட்டுத்தனமாக எடுத்த வீடியோ வாட்ஸ்அப்பில் பரவியது. 'அரசு ஊழியருக்குப் பொருந்தாத நடத்தை' என்று மெமோ வந்தது, பதில் எழுதினேன். பத்தாம் நாள் 'பணி தேவையில்லை' என ஒருவரி ஆணை. இப்போது மேலதிகாரி, 'ராஜினாமா எழுதிக் கொடு, ஆணையைத் திரும்பப் பெறுகிறோம்' என்கிறார். கொடுக்கலாமா? வழக்குப் போட்டால் பெயர் வெளியே வருமா?
- பெயர் வேண்டாம், சென்னை

பதில்: கொடுக்காதீர்கள். கையெழுத்துப் போட்ட நிமிடமே 'நீக்கப்பட்டவர்' என்பது போய், 'தானாக விலகியவர்' ஆகிவிடுவீர்கள். மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமையும் உங்கள் மேல் விழும்.

தகுதிகாண் ஊழியரை, வேலை திருப்தியில்லை என்று விசாரணையின்றி அனுப்ப நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு. ஒருவரி ஆணை அந்த நிழலில்தான் ஒதுங்குகிறது. ஆனால் ஆணையின் சொற்களோடு நிற்க வேண்டியதில்லை, அதன் உள்ளே இருப்பதைப் பார்க்கலாம் என்று ஷம்ஷேர் சிங் வழக்கில் 1974-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடத்தை பற்றிய குற்றச்சாட்டே நீக்கத்துக்கு அடிப்படை என்றால் அது தண்டனை. அரசமைப்புச் சட்டத்தின் 311(2) பிரிவின்படி குற்றச்சாட்டைத் தெரிவித்து, விசாரணை நடத்தியிருக்க வேண்டும். மெமோவுக்குப் பதில் எழுதிய பத்தே நாளில் ஆணை வந்திருக்கிறது. எனவே அந்த மெமோதான் உங்கள் முதல் சாட்சி. அசலைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது கோப்புக் குறிப்புகள். உங்களைப் பற்றிய கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகலைக் கேட்டு, 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் இன்றே மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். ஆணையில் மறைத்த காரணத்தை அங்கே எழுதி வைத்திருப்பார்கள். உத்தரப்பிரதேசத்தின் புலந்த்ஷகரில் 2019-இல் ஒரு ஊர்க்காவல் படை வீரரை இதேபோல வீடியோ பரவியதும் நீக்கினார்கள். அலகாபாத் உயர் நீதிமன்றத்தில், அவருடைய பாலீர்ப்பைத் 'தகாத செயல்' என்று தங்கள் எதிர்வாக்குமூலத்திலேயே அதிகாரிகள் எழுதினார்கள். வயது வந்தவர்களின் சம்மத ஓரினச் சேர்க்கை குற்றமல்ல என்ற உச்ச நீதிமன்றத்தின் 2018 நவ்தேஜ் சிங் ஜோஹர் தீர்ப்புக்கு இது விரோதம் என்று 2021 பிப்ரவரியில் நீக்க ஆணை ரத்தானது, உடனே பணியில் சேர்க்கவும் உத்தரவானது. உங்கள் வழக்கு மனுவிலும் 311-ஐ மட்டும் பிடித்துத் தொங்க வேண்டாம். முறை தவறியது என்று மட்டும் ஜெயித்தால், துறை புதிதாக விசாரணை தொடங்கலாம். வீட்டுக்குள் வயது வந்த இருவரின் சம்மத உறவு ஒழுங்கீனமே ஆகாது என்பதை அரசமைப்பின் 14, 16, 21 பிரிவுகளின் (சமத்துவம், அரசு வேலையில் சம வாய்ப்பு, தனிமனித சுதந்திரம்) கீழ் தனி வாதமாக வையுங்கள்.

ஆணையை எதிர்த்துத் துறைக்குள்ளேயே செய்யும் மேல்முறையீட்டை 45 நாளுக்குள் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். தகுதிகாண் ஊழியருக்கு மேல்முறையீடு இல்லை என்று துறை மறுத்தாலும், முறையிட்டதற்கான சான்று கையில் இருக்கும். பிறகு, மத்திய அரசு ஊழியர்களின் பணி வழக்குகளை விசாரிக்கும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. கட்டணம் 50 ரூபாய். இறுதி ஆணையிலிருந்து ஓராண்டு கெடு. மேல்முறையீட்டுக்கு ஆறு மாதம் பதிலில்லை என்றால் அதன்பின் ஓராண்டு. நல்ல வழக்குகள் பல இங்கேதான் கெட்டுப்போகின்றன: நினைவூட்டல் கடிதமாக அனுப்பிக்கொண்டே இருப்பார்கள், கெடு ஓடிவிடும். எத்தனை கடிதம் எழுதினாலும் கெடு நீளாது. (தமிழ்நாடு அரசு ஊழியர்கள் நேரே உயர் நீதிமன்றம் போக வேண்டும்.)

பெயரை மறைக்கும் மனுவை முதல் நாளே சேர்த்துத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள். வழக்குப் பட்டியல் இணையத்தில் ஏறிய பிறகு கேட்டுப் பயன் குறைவு. வீடியோவை இணைக்கவே வேண்டாம். கேட்டால் முத்திரையிட்ட உறையில் கொடுக்கலாம். அதை எடுத்தவர்மீது சைபர் கிரைம் பிரிவில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். பாதிக்கப்பட்டவர் நீங்கள்தான் என்பதற்கு அதுவும் ஆவணம்.

இடைக்காலத்தில் பிழைப்புக்கு வேலை பார்த்தால் வருமானத்தைக் குறித்து வையுங்கள். பிற்சம்பளம் (நீக்கப்பட்டிருந்த காலத்துச் சம்பளம்) தானாக வராது. வேறு வேலையில் இருந்தீர்களா என்று வாக்குமூலம் கேட்பார்கள், அதில் ஒரு பொய் இருந்தாலும் மொத்தப் பணமும் போகலாம்.