இரவில் படித்தது காலையில் மறந்துவிடுவது ஏன்? என் மூளையில் ஏதாவது கோளாறா?

குரூப் 4 தேர்வுக்காக ஒரே பாடத்தை நாலைந்து முறை வாசித்தும் மறுநாள் காலையில் பாதிகூட நினைவில் இல்லை, 24 வயதிலேயே இப்படியா, வல்லாரை மாத்திரை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். பொதுத்தேர்வு நெருங்கும்போதெல்லாம் பிள்ளைகள் இதே கேள்வியோடு வருவார்கள், முகத்தில் பயத்தோடு. அதனால் விரிவாகவே எழுதுகிறேன். நீங்கள் சொல்லியிருப்பதில் நோய் என்று நினைக்க எதுவும் இல்லை. நீங்கள் படித்த விதத்துக்கு எந்த மூளையும் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

மறதியை முதன்முதலில் அளந்து பார்த்தவர் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர். அவருடைய நூல் 1885இல் வந்தது. சோதனைக்கு ஆள் தேடாமல் தன்னையே உட்படுத்திக்கொண்டார். பொருள் இருந்தால் மனம் அதைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், பொருளே இல்லாத அசைகளை ஆயிரக்கணக்கில் உருவாக்கி, வரிசை வரிசையாக மனப்பாடம் செய்தார். பிறகு வெவ்வேறு இடைவெளி விட்டு, அதே வரிசையைத் திரும்பக் கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். 20 நிமிடம் கழித்துக் கற்றால் 58 சதவீதம் மிச்சம். ஒரு நாள் கழித்து 34 சதவீதம்தான். ஆனால் 31 நாள் கழித்தும் 21 சதவீதம் மிச்சமானது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் இதே சோதனையைத் திரும்பச் செய்து 2015இல் வெளியிட்டபோதும் ஏறக்குறைய இதே வளைவு கிடைத்தது.

இந்தக் கணக்கில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. மறதியின் பெரும்பகுதி முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது. உங்களுக்குக் காலையில் நேர்வது அதுதான். இன்னொன்றைப் பிள்ளைகள் கவனிப்பதே இல்லை: ஒரு மாதம் கழித்து ஒன்றுமே ஞாபகமில்லை என்று தோன்றும்போதும், திரும்பக் கற்க முன்பைவிடக் குறைந்த நேரமே ஆகிறது. படித்தது முழுக்க அழிந்துபோயிருந்தால் இது நடக்காது. எபிங்ஹாஸ் ஆங்கிலக் கவிதை அடிகளையும் மனப்பாடம் செய்து பார்த்தார். பொருளற்ற அசைகளுக்குத் தேவைப்பட்ட உழைப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கே அதற்குப் போதுமானதாக இருந்தது. புரிந்து படிப்பதற்கும் புரியாமல் உருப்போடுவதற்கும் உள்ள தூரம் அது.

சரி, நினைவு எங்கே உண்டாகிறது? நமக்கு இது தெரியவந்தது ஒரு மனிதர் பட்ட துன்பத்தால். அமெரிக்காவின் கனெடிகட்டைச் சேர்ந்த ஹென்றி மொலைசனுக்குக் கடுமையான வலிப்பு நோய். 1953இல், அவருக்கு 27 வயதில், வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவருடைய மூளையின் இருபுறமும், பக்கவாட்டின் உட்புறத்தில் உள்ள ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியையும் அதை ஒட்டிய பகுதிகளையும் அகற்றினார். வலிப்பு குறைந்தது. அறிவுக்கூர்மை குறையவில்லை, பேச்சும் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து புதிதாக நடக்கும் எதுவும் அவருக்குள் தங்கவில்லை. கனடாவின் மாண்ட்ரியலிலிருந்து அவரை ஆராய வந்த பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் ஒருமுறை 584 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். கால் மணி நேரம் கழித்து மொலைசன் சரியாகச் சொல்லிவிட்டார். எப்படி என்று கேட்டதற்கு விளக்கம் வேறு தந்தார்: 5, 8, 4 மூன்றையும் கூட்டினால் 17, எட்டை மட்டும் ஞாபகம் வைத்தால் மீதி 9, அதை இரண்டாகப் பிரித்தால் 5, 4. கவனம் வேறு பக்கம் திரும்பி ஒரு நிமிடம் ஆனதும் எண் போய்விட்டது. எண் ஒன்று சொல்லப்பட்டதே அவருக்கு ஞாபகமில்லை.

கவனத்தில் வைத்திருக்கும்வரை நிற்கும் நினைவு ஒன்று, கவனம் விலகிய பிறகும் நிற்கும் நினைவு இன்னொன்று, முதலாவதை இரண்டாவதாக மாற்ற ஹிப்போகாம்பஸ் வேண்டும் என்பது அவரால்தான் இவ்வளவு தெளிவாகப் புரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு நட்சத்திர வடிவத்தின் மேல் கோடு போடும் பயிற்சியை மில்னர் கொடுத்தார். மூன்று நாள் தொடர்ந்து செய்ததில் மொலைசனின் கை தேறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுப் பயிற்சி. கை கற்றுக்கொண்டது அவருக்குத் தெரியாது. 2008இல் இறக்கும்வரை ஆய்வுக் கட்டுரைகளில் எச்.எம். என்ற இரண்டு எழுத்துகளாக மட்டுமே இருந்தார். பாடம் நடத்தும்போது நான் அவருடைய முழுப் பெயரைச் சொல்லித்தான் நடத்துவேன்.

எங்கள் அப்பத்தாவிடமும் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடைசி வருடங்களில் சாப்பிட்டு முடித்த உடனேயே "இன்னும் சோறு போடலையா?" என்று கேட்பார். அதே அப்பத்தா கையில் மல்லிகையையும் நாரையும் கொடுத்தால் பூ நெருக்கமாக, ஒரே அளவில் சரம் நீண்டுகொண்டே போகும். இளம் வயதில் வாழ்ந்த ஊரின் கதைகளும் கோர்வையாக வரும். புதிய நினைவுகள் முதலில் போவதும், பழையவையும் கைப்பழக்கமும் நீண்ட காலம் நிற்பதும் முதுமை மறதியில் பரவலாகக் காணப்படுவது.

நரம்பணுக்களுக்குள் நடப்பதை எரிக் காண்டெல் என்ற நரம்பியல் அறிவியலாளர் கடல் முயல் என்ற, வெளியே ஓடு தெரியாத நத்தை இனத்தில் ஆராய்ந்தார். 2000இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். கடல் முயலின் நரம்பு மண்டலத்தில் இருப்பது சுமார் 20,000 நரம்பணுக்கள். தொட்டால் செவுளை உள்ளிழுக்கும் அந்த உயிரியைப் பழக்கியபோது, குறுகிய நேர நினைவுக்கு ஏற்கெனவே உள்ள இணைப்புகள் தற்காலிகமாக வலுப்பட்டாலே போதும் என்று தெரிந்தது. நாள் கடந்து நிற்க வேண்டுமென்றால் புதுப் புரதங்கள் உற்பத்தியாக வேண்டும், புது இணைப்புகளே முளைக்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். ஒரே மூச்சில் கொடுத்த பயிற்சியைவிட இடைவெளி விட்டுக் கொடுத்த பயிற்சி நீடித்து நின்றது. ஒரே இரவில் ஐந்து முறை வாசிப்பதும் ஐந்து நாளில் ஐந்து முறை வாசிப்பதும் ஏன் ஒன்றல்ல என்பதற்கு உடலிலேயே காரணம் இருக்கிறது.

இனி மறதிக்கு வருவோம். நாம் மறதி என்று சொல்வதில் பாதி, பதியவே பதியாதது. கையில் தினமும் புரளும் புது 100 ரூபாய் நோட்டின் பின்பக்கம் எந்த இடத்தின் படம் இருக்கிறது? குஜராத்தின் ராணி கி வாவ் படிக்கிணறு. பெரும்பாலோர் சொல்லமாட்டார்கள், அத்தனை முறை பார்த்தும். கண்ணில் படுவது வேறு, கவனத்தில் விழுவது வேறு.

பதிந்தவையும் ஒன்றோடொன்று மோதும். உங்கள் பாடத்திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: வங்கப் பிரிவினை 1905, முஸ்லிம் லீக் 1906, சூரத் பிளவு 1907, மிண்டோ-மார்லி சீர்திருத்தம் 1909. இவற்றை ஒரே உட்காரலில் படித்தால் ஒன்றின் ஆண்டு இன்னொன்றில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆண்டு நினைவில் இருக்கும், எதன் ஆண்டு என்பது நழுவிவிடும். காங்கிரஸ் ஏன் 1907இல் பிளந்தது, அந்தச் சூழலில் மிண்டோவும் மார்லியும் யாரைச் சமாதானப்படுத்தப் பார்த்தார்கள் என்று கதையாகத் தெரிந்துகொண்டால் ஆண்டுகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இனிமேல்தான். ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு உரைப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு வேளையும் அதையே வாசித்தது. இன்னொரு குழு ஒரு வேளை வாசித்துவிட்டு, மற்ற மூன்று வேளையும் தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் வாசித்த குழுவே முன்னால்: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்து எல்லாம் தலைகீழ். வாசித்தவர்களிடம் 40 சதவீதம்தான் எஞ்சியது, எழுதிப் பார்த்தவர்களிடம் 61. இதில் வேதனையான விஷயம், தங்களுக்கு நன்றாக ஞாபகமிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் வாசித்த குழுவினர். நாலாம் முறை வாசிக்கும்போது வரிகள் பழகியதாகத் தெரிகின்றன. அந்தப் பழக்கத்தை மனம் "தெரியும்" என்று எடுத்துக்கொள்கிறது. உங்களுக்கு நேர்ந்ததும் இதுவே என்று நினைக்கிறேன்.

மனப்பாடக் கல்வியைக் குறை சொல்லும் அவசரத்தில் ஒப்பித்தலையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிட்டோம் என்பது என் வருத்தம். புரியாமல் உருப்போடுவது வீண்தான். ஆனால் புத்தகத்தை மூடிவிட்டு இன்னொருவர் முன் நின்று சொல்வதில் மூளை நினைவைத் தேடி எடுக்கிறது. தேடி எடுப்பதே நினைவை வலுவாக்குகிறது. தடுமாறுவதும் தவறல்ல, அந்தத் தடுமாற்றத்தில்தான் வேலை நடக்கிறது.

ஆகவே ஒரு பாடத்தை ஒரு முறை நிதானமாக, புரியும்படி வாசியுங்கள். மூடிவைத்துவிட்டு வெள்ளைத்தாளில் ஞாபகம் வருவதையெல்லாம் எழுதுங்கள். விட்டுப்போனதை மட்டும் திறந்து பாருங்கள். மறுநாள் ஒரு முறை, மூன்று நான்கு நாள் கழித்து ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை என்று இதையே செய்யுங்கள். படித்து முடித்ததும் கைபேசியை எடுக்காமல் தூங்கப் போவது நல்லது. கற்றுவிட்டு உடனே தூங்கினால், கற்றபின் விழித்திருந்து வேறு வேலை பார்ப்பதைவிட அதிகம் நினைவில் நிற்கிறது என்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1924லேயே காட்டிவிட்டார்கள். தூக்கத்தைக் குறைத்துப் படிப்பதில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை.

பழகிய தெருவில் வழி தெரியாமல் போவது, நெருங்கியவர்களின் முகம் பிடிபடாதது, அன்றாட வேலைகளே குழம்புவது என்று இருந்தால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைபாடு, பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியவையும் ஞாபகத்தைப் பாதிக்கும். இவற்றுக்கு நல்ல சிகிச்சை உண்டு.

வல்லாரை நல்ல கீரை. பிடித்தால் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள். தேர்வில் மதிப்பெண் கூடும் அளவுக்கு அது நினைவாற்றலை வளர்க்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. மாத்திரைக்கு ஒதுக்கிய பணத்தில் முந்தைய ஆண்டு வினாத்தாள் தொகுப்பு ஒன்று வாங்கி, விடைப்பக்கத்தைப் பார்க்காமல் எழுதத் தொடங்குங்கள்.