மலேசியாவில் ஆசிரியர் வேலைக்குப் போனால் முதல் சில வாரங்கள் எப்படி இருக்கும்?

கேட்டவர் தமிழ்நாட்டில் ஒரு மெட்ரிக் பள்ளியில் இருக்கிறார், பேராக் மாநிலத்தில் தனியார் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது, "தோட்டத்து ஊராமே, அங்கே நல்ல தமிழ் இருக்குமா" என்றும் கேட்டிருக்கிறார். அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் விருதுநகர் பக்கம். ஈப்போவில் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன், வாடகை குறைவு என்பதால் வீடு பக்கத்து ஊரான சுங்கை சிப்புட்டில். இரண்டும் பேராக்கில்தான்.

முதலில் உங்களைப் படுத்தப்போவது இருட்டு. காலை ஏழு மணிக்கும் முழு வெளிச்சம் வராது. போர்னியோ தீவில் இருக்கும் சபா, சரவாக் மாநிலங்களோடு நேரத்தை ஒன்றாக்க 1982-ல் தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவிட்டார்கள். ஏழரை மணிப் பள்ளிக்கு ராத்திரியிலேயே கிளம்புவது போல இருக்கும், பழகிவிடும். வகுப்பில் சீனப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை, நம் பிள்ளை எல்லாம் கலந்து உட்கார்ந்திருக்கும், நீங்கள் வேகமாகப் பேசும் ஆங்கிலம் முதல் வாரம் யாருக்கும் பிடிபடாது. அதுவும் சரியாகிவிடும்.

தமிழ் விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டுச் சொந்தக்கார அம்மா ரப்பர் தோட்டத்தில் பிறந்து, இருட்டோடு எழுந்து பால்மரம் சீவப் போனவர். படிப்பு ஆறாம் வகுப்பு வரைதான். பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ல் வெள்ளைக்காரன் சட்டம் போட்டிருந்தான், அப்படி வந்த ஒரு கொட்டகைப் பள்ளியில்தான் அவருடைய அம்மா அரிச்சுவடி கற்றாராம். இப்போது அங்கே ரப்பர் இல்லை, எல்லாம் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. ஜனங்கள் தாமானுக்கு, அதாவது ஊர்ப்பக்கக் குடியிருப்புகளுக்கு, வந்துவிட்டார்கள். ஆனால் தினமும் தமிழ்ப் பேப்பர் படிக்காமல் அந்த அம்மாவுக்குப் பொழுது விடியாது. 1924-லிருந்து வந்த தமிழ் நேசன் 2019-ல் நின்றுபோனதை, சொந்தத்தில் ஒரு சாவு போல இன்னும் சொல்லி வருத்தப்படுவார்.

நான் வந்த புதிதில் ஒருநாள் சாயங்காலம், "பசியாறிட்டீங்களா டீச்சர், பேத்திக்கு ஒரு பாடம் சொல்லித்தாங்க" என்று அவளை அனுப்பினார். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் முடித்துவிட்டு இடைநிலைப்பள்ளியில் முதல் படிவம் (நம் ஏழாம் வகுப்பு) சேர்ந்த பிள்ளை. புத்தகம் முழுக்க மலாய், எனக்கு ஒரு வரி புரியவில்லை. அவள் அதைப் படித்து, ஒளிவிலகல், படுகதிர், குவி வில்லை என்று தமிழில் எனக்கு விளக்கினாள், நான் அதிலிருந்து கணக்கைச் சொல்லிக்கொடுத்தேன். நான் இங்கிலீஷ் மீடியம். எங்கள் ஊரில் இந்த வயதுப் பிள்ளை எத்தனை பேர் இரண்டு மொழியில் ஒரே பாடத்தைச் சொல்வார்கள்? 1816-ல் பினாங்கில் ஆரம்பித்த தமிழ்க் கல்வி, இன்று 500-க்கு மேல் தமிழ்ப்பள்ளிகள். "அங்கே நல்ல தமிழ் இருக்குமா" என்று இங்கே வந்து யாரிடமும் கேட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.

நான் ஏதோ மலேசியாவைத் தூக்கி வைத்துப் பேசுகிறேன் என்று சிலர் சண்டைக்கு வரலாம். 150 பிள்ளைகள்கூட இல்லாத தமிழ்ப்பள்ளிகள் நிறைய இருப்பது எனக்கும் தெரியும். மலாய் சரியாக வராமல், முதல் படிவத்துக்கு முன் மொழிக்காக வைக்கும் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்து, அப்படியே படிப்பை விட்டவர்தான் அந்த அம்மாவின் மூத்த மகன். கோலாலம்பூரில் இருப்பவர்கள் வேறு மாதிரி சொல்லலாம், நான் பார்த்ததைத்தான் நான் சொல்ல முடியும். இன்னொன்று, அரசாங்கத் தமிழ்ப்பள்ளியில் வேலை என்று யாராவது ஏஜெண்ட் ஆசை காட்டினால் நம்பாதீர்கள். அது உள்ளூர்க்காரர்களுக்கான அரசாங்க உத்தியோகம்.

ஏஜெண்டை விடுங்கள், என்னை அழவைத்தது தமிழ்நாட்டில் நான் வேலை பார்த்த பழைய பள்ளிதான். சேரும்போது ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு, கிளம்பும்போது "கல்வியாண்டு முடியட்டும்", "தாளாளர் ஊரில் இல்லை" என்று இழுத்தடித்தார்கள். கொரோனா சமயத்தில் பாதிச் சம்பளம் கொடுத்தபோது மட்டும் தாளாளர் ஊரில்தான் இருந்தார். என் பட்டத்தை அடகுப் பொருள் மாதிரி பீரோவில் பூட்டி வைக்க இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? மலேசிய வேலை பெர்மிட்டுக்கு அந்தக் காகிதம் வேண்டும், இன்றைக்கே போய் உங்களுடையதைக் கேளுங்கள்.

பணம்: அந்த வருடத்தில் 182 நாள் இங்கே இருந்து வரிக் கணக்கில் குடியிருப்பவர் ஆகும்வரை சம்பளத்தில் 30% வரி பிடிப்பார்கள். ஆனபிறகு கணக்குத் தாக்கல் செய்து அதிகம் பிடித்ததைத் திரும்ப வாங்கலாம், ஆனால் ஆரம்ப மாதங்களில் கை கடிக்கும். வீட்டுக்கு இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், அப்புறம் முதல் மாத வாடகை, எல்லாம் ஒரே நாளில் கேட்பார்கள். என் வீட்டுச் சொந்தக்கார அம்மா அந்த அரை மாதக் காசை வேண்டாம் என்றுவிட்டார். எல்லா வீட்டுக்காரரும் விடமாட்டார்கள், அதனால் முழுத் தொகையையும் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள்.